செவிலியர் பற்றாக்குறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

வார்டில் பல வருடம், அப்புறம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பல வருடம் என்று என் வேலைக்காலம் போனது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட, நான் செவிலியர் என்று தெரிந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஊருக்கு ஊர் நர்சிங் காலேஜ் இருக்கிறது. அப்புறம் எப்படிப் பற்றாக்குறை?

காலேஜ் இருப்பதும் உண்மை, பற்றாக்குறையும் உண்மை. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொல்லும் கணக்கில் இந்தியாவில் பதிவு செய்த செவிலியர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய இரண்டு பேர் வருகிறார்கள். மூன்று பேராவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது.

ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதும் வார்டில் ஆள் இருப்பதும் ஒன்றல்ல. கல்யாணம் ஆகி வேலையை விட்டவர், துபாயில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், சில இடங்களில் காலமாகிவிட்டவர் பெயரும்கூடப் பதிவேட்டில் இருக்கும். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. பதிவுக் கணக்கில் பத்தாயிரம் மக்களுக்கு 17.7 செவிலியர்கள், அதாவது மருத்துவச்சிகளையும் சேர்த்து. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேட்டு எடுத்த விவரத்தில், அந்த வேலையை உண்மையிலேயே செய்துகொண்டிருப்பவர்கள் 10.6 பேர். அவர்களிலும் முறையான படிப்பு உள்ளவர்களை மட்டும் எண்ணினால் 6.

இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். 17.7-க்கும் 10.6-க்கும் நடுவில் இருப்பவர்கள் பெயர் பதிந்திருந்தும் வேலையில் இல்லாதவர்கள். 10.6-க்கும் 6-க்கும் நடுவில் இருப்பவர்கள் உரிய படிப்பு இல்லாமல் செவிலியர் வேலையைச் செய்பவர்கள். சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் ப்ளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மூன்று மாதம் ஊசி போடக் கற்றுக்கொடுத்து வெள்ளைக் கோட்டு மாட்டி நிறுத்துகிறார்களே, அவர்கள் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களை அப்படி நிறுத்துகிறவர்கள் மேல்தான் கோபம்.

ஆக, படித்த பிள்ளைகள் குறைவு என்பதைவிட, படித்தவர்களை வேலையில் நிற்க வைக்க முடியவில்லை என்பதுதான் நம் நாட்டின் பெரிய சிக்கல். இனி வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும்?

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு இது: மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், ஐசியுவில் ஒரு படுக்கைக்கு ஒருவர். விடுப்பு எடுப்பவர்களுக்கு ஈடாக இன்னும் 30 சதவீதம் பேரைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

நடப்பு எப்படி என்பது அரசு மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்கிய எவருக்கும் தெரியும். நாற்பது படுக்கை உள்ள வார்டு, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் தனி. நைட் டூட்டியில் இரண்டு பேர், சில நாள் ஒரே ஒருவர். எட்டு மணிக்கு டூட்டி மாற்றிக்கொண்டு மருந்து கொடுக்கத் தொடங்கினால் கடைசிக் கட்டிலுக்குப் போய்ச் சேரும்போது முதல் கட்டிலில் டிரிப்ஸ் தீர்ந்திருக்கும். நடுவில் ஒரு அட்மிஷன் வரும். அதற்கு நடுவில் ஒருவருக்கு மூச்சு வாங்கும்.

ஆள் எண்ணிக்கையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு இடத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்றால் எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? மூன்று ஷிப்ட், அதனால் மூன்று பேர் என்று நினைப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் மூன்றரை ஆள் வேண்டும். வருடத்தில் எடுக்கிற விடுப்பு, உடல்நலக்குறைவு, மகப்பேறு விடுப்பு, பயிற்சி நாட்கள் எல்லாம் சேர்த்தால் நாலரை, ஐந்து பேர் ஆகிவிடும். 'எங்களிடம் ஐம்பது செவிலியர் இருக்கிறார்கள்' என்று ஒரு மருத்துவமனை சொன்னால், எந்த ஒரு நேரத்திலும் நோயாளி பக்கத்தில் இருப்பது பத்துப் பேர்தான்.

ஆள் குறைவாக இருந்தால் வேலை கொஞ்சம் தாமதமாகும். அதைத் தாண்டி என்ன ஆகிவிடும்?

உயிர் போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் என்ற செவிலியர் பேராசிரியரும் அவர் குழுவும் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளி எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம், முப்பது நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது.

ஏன் அப்படி என்று வார்டில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒருவர் உடல் மோசமாகப் போகிறது என்பது பெரும்பாலும் சில மணி நேரத்துக்கு முன்பே தெரியும். மூச்சு எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். சிறுநீர் குறையும். சாயந்திரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தாத்தா பதினோரு மணிக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவார். பக்கத்தில் போய் நிற்க நேரம் இருந்தால் இது கண்ணில் படும், டாக்டரைக் கூப்பிடலாம். நாற்பது பேருக்கு ஒருவர் என்றால் கண்ணில் படாது. காலையில் ரவுண்ட்ஸ் வரும்போதுதான் தெரியும்.

ஆள் குறையும்போது முதலில் விட்டுப்போவது எது தெரியுமா? மருந்து விட்டுப்போகாது. கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, பயந்துபோன அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவது, வீட்டுக்குப் போகும்போது இன்சுலின் எப்படிப் போடுவது என்று பொறுமையாகக் காட்டுவது, இவையெல்லாம்தான் விட்டுப்போகும். எதுவும் எந்த ரிஜிஸ்தரிலும் பதிவாகாது. படுக்கைப்புண்ணாகவும் கிருமித்தொற்றாகவும் பத்து நாள் கழித்துத்தான் வெளியே வரும்.

இவ்வளவு தேவை இருக்கும்போது, வேலை கிடைக்காத செவிலியர்கள் எப்படி இருக்கிறார்கள்?

தேவை இருக்கிறது, பணியிடம் இல்லை. ஒரு மருத்துவமனைக்கு எத்தனை செவிலியர் என்பதை நோயாளி எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. அரசு அனுமதித்த பணியிடங்கள் எத்தனையோ அத்தனைதான். படுக்கை இரண்டு மடங்கானாலும் பணியிடம் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும் இடங்கள் உண்டு. அதிலும் காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும்.

தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் போட்டித் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. மாதச் சம்பளம் 7,700 ரூபாய், தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளம், வரும் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தார்கள். வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிறகு ஊதியம் 14,000, 18,000 என்று ஏறியது. பகுதி பகுதியாகப் பலர் நிரந்தரம் ஆனார்கள். ஆனால் எத்தனை வருடக் காத்திருப்பு!

அப்புறம் கொரோனா வந்தது. அவசரமாக எடுத்தார்கள். பிபிஇ உடைக்குள் வியர்வையில் நனைந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்த்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. மாவட்ட அளவில் மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், நாட்டுக்குச் செவிலியர் பற்றவில்லை என்று பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில் பயிற்சியும் அனுபவமும் உள்ள செவிலியர்கள் புத்தாண்டு அன்று தெருவில் நின்றார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

தனியாரில் நல்ல சம்பளம் கொடுக்கிறார்களே?

சில பெரிய மருத்துவமனைகளில், சில வருட அனுபவத்துக்குப் பிறகு கொடுக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இல்லை. என் மாணவி ஒருத்தி நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கல்விக்கடனோடு, மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். கையில் வந்த சம்பளம் அவள் அப்பா கொத்தனார் வேலையில் சம்பாதித்ததைவிடக் குறைவு. இரண்டு வருடம் போகக்கூடாது என்று சான்றிதழ்களை வேறு வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தப் பழக்கம் தவறு என்று நர்சிங் கவுன்சிலே சுற்றறிக்கை விட்டும், இன்னும் ஒழியவில்லை.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் வந்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. குழு சொன்னது தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 முதல் 200 படுக்கை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 என்றால் இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்கும் கீழ் உள்ள சின்ன இடமானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது.

நல்ல பரிந்துரை. ஆனால் பரிந்துரைதான். மக்கள் நல்வாழ்வு மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் சட்டமோ ஆணையோ போட்டால்தான் செல்லும். கேரளா போட்டது. சும்மா போடவில்லை. 2011-இல் தொடங்கிய ஐக்கிய செவிலியர் சங்கம் வருடக்கணக்கில் போராடி, 2018 ஏப்ரலில் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தபோது, அதற்கு முந்தைய நாள் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாய் என்று ஆணை வந்தது. மருத்துவமனைகளை மூட வேண்டி வரும் என்று அப்போது நிர்வாகங்கள் பயமுறுத்தின. கேரளாவில் தனியார் மருத்துவமனைகள் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களைத் தடுத்தால் பற்றாக்குறை தீராதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மென்பொருள் பொறியாளரைப் பற்றி இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்து, வளைகுடா நாடுகள், அயர்லாந்து, ஜெர்மனி என்று நம் பிள்ளைகள் போகிறார்கள். உலகத்தில் ஏழு செவிலியரில் ஒருவர் தான் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. பணக்கார நாடுகளில் மட்டும் எண்ணினால் நூற்றுக்கு 23 பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். உலகம் முழுவதும் 58 லட்சம் செவிலியர் குறைவு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதனால் இந்த இழுப்பு குறையப்போவதில்லை.

தடுத்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸ். ஏற்றுமதிக்கென்றே செவிலியரைப் பயிற்றுவித்த நாடு என்றுகூடச் சொல்லலாம். கொரோனா வந்ததும் 2020 ஏப்ரலில் செவிலியர்கள் வெளியே போகத் தடை போட்டார்கள். பிறகு வருடத்துக்கு 5,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். 2021-இல் அதை 6,500 ஆக்கினார்கள், அப்புறம் 7,000. அங்கே இருந்த செவிலியர்கள் கேட்டது ஒன்றுதான்: இங்கே நிரந்தர வேலையும் சாப்பாட்டுக்குப் போதுமான சம்பளமும் கொடுங்கள், நாங்கள் ஏன் போகப்போகிறோம்? கதவைப் பூட்டியதால் அங்கே வார்டுகள் நிரம்பிவிடவில்லை. வேலையைவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களும், கால் சென்டருக்குப் போனவர்களும் உண்டு.

என் கருத்து: போகிறவர்கள் போகட்டும், ஆனால் முறையாகப் போகட்டும். வெளிநாட்டிலிருந்து சுகாதாரப் பணியாளர்களை எடுப்பது பற்றி 2010-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட நடைமுறை நெறி, ஆள் எடுக்கும் நாடு அனுப்பும் நாட்டின் பயிற்சிக்கும் கை கொடுக்க வேண்டும் என்கிறது. நாம் அதைக் கறாராகக் கேட்க வேண்டும். கேரள அரசு 2021-இல் ஜெர்மனியோடு போட்ட ஒப்பந்தத்தில் மொழிப் பயிற்சிச் செலவு செவிலியர் தலையில் விழுவதில்லை. ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்த குடும்பங்களைப் பார்த்த எனக்கு அது பெரிய விஷயம். தமிழ்நாட்டிலும் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று அரசு நிறுவனமே இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

புதிதாக நர்சிங் கல்லூரிகள் திறந்தால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் உதவும். எந்த மாநிலத்தில் திறக்கிறோம், எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. 1,570 கோடி ரூபாய், வருடத்துக்கு ஏறக்குறைய 15,700 பட்டதாரிகள். 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்தே இவை வருகின்றன. அது நல்ல யோசனை, ஏனென்றால் பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிறது. நாட்டில் உள்ள நர்சிங் கல்வி நிறுவனங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தென் மாநிலங்களில்தான் இருக்கின்றன. பீகாரிலும் வடகிழக்கிலும் திறப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. நம் ஊரில் இன்னொரு தனியார் கல்லூரி திறப்பதற்கு எனக்கு அவ்வளவாக அர்த்தம் தெரியவில்லை.

நர்சிங் என்பது பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற படிப்பு இல்லை. நோயாளி வேண்டும். பிரசவ அறையில் நிற்க வேண்டும், ஐசியுவில் நிற்க வேண்டும், கிராமத்தில் வீடு வீடாகப் போக வேண்டும். மருத்துவமனையே இல்லாத கல்லூரி, காகிதத்தில் மட்டும் இணைப்பு மருத்துவமனை, ஆய்வு நாளில் மட்டும் வந்து நிற்கும் ஆசிரியர்கள், இதெல்லாம் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நிலைமை முற்றி, உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான நர்சிங் கல்லூரிகளை சிபிஐ ஆய்வு செய்யச் சொன்னது. 2024-இல் என்ன ஆயிற்று? சாதகமான அறிக்கை கொடுக்க லஞ்சம் வாங்கியதாக சிபிஐ அதிகாரிகளே கைதானார்கள். அங்கே படித்த பிள்ளைகளின் பரீட்சைகள் வருடக்கணக்கில் தள்ளிப்போயின.

1947-இன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. தரத்தைக் காப்பாற்ற அது உதவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் எத்தனை கல்லூரி திறந்தாலும், முடித்து வருபவருக்கு நிரந்தர வேலை இல்லையென்றால் அது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதைதான்.

ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி. இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

ஏஎன்எம் (துணைச் செவிலியர், மருத்துவச்சி) இரண்டு வருடம், கிராமப்புறத் தாய் சேய் நலத்துக்கானது. ஜிஎன்எம் (பொதுச் செவிலியம், மகப்பேறு) மூன்று வருட டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் பட்டம். ஜிஎன்எம் முடித்தவர் இன்னும் இரண்டு வருடம் படித்து பட்டம் வாங்கலாம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் நான்கே மாணவிகளோடு தொடங்கிய ஆறு மாதப் பயிற்சியிலிருந்து இதெல்லாம் வளர்ந்து வந்தது. பட்டப் படிப்பு நாட்டிலேயே முதலில் வந்த இரண்டு இடங்களில் வேலூர் சிஎம்சியும் ஒன்று, 1946-இல்.

கிராமங்களில் நிலைமை எப்படி?

இதில் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெருமை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கலாம் என்று செய்தார்கள். டாக்டர் ராத்திரி இல்லாவிட்டாலும் செவிலியர் இருப்பார். ஊருக்குள் கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்கு ரத்தம் குறைவு, யார் தடுப்பூசிக்கு வரவில்லை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன, ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதம். 2018-20 கணக்கில் லட்சம் பிரசவங்களுக்குத் தாய் மரணம் நாடு முழுவதும் 97, இங்கே 54. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், ஆனால் நடு ராத்திரியில் விளக்கு எரியும் அந்தப் பிரசவ அறையையும் அங்கே விழித்திருக்கும் செவிலியரையும் எடுத்துவிட்டால் மற்ற காரணங்கள் நிற்காது.

மூன்று பேரை ஒரே இடத்தில் நிரந்தரமாகப் போட்டதுதான் இதில் சூட்சுமம். பெரிய கருவி எதுவும் இல்லை. அதே கிராம சுகாதார செவிலியர் தலையில் இன்று ஆன்லைன் பதிவுகளைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் டேட்டா ஏற்றுவதில் போகிறது.

டாக்டர் செய்கிற சில வேலைகளைச் செவிலியரிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பயிற்சியும் சட்டப் பாதுகாப்பும் சேர்த்துக் கொடுத்தால். சாதாரணப் பிரசவத்தைத் தனியாக நடத்தும் அளவுக்குச் செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி தரும் திட்டத்தை மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருட முதுநிலைப் படிப்பும் இருக்கிறது. படித்து வெளியே வந்தவருக்கு அந்தப் பெயரில் பணியிடம் வேண்டுமே? படிப்பு முடித்தவர் பழையபடி அதே வார்டில் அதே வேலைக்குத் திரும்பினால் அடுத்த வருடம் அதில் யார் சேருவார்கள்?

ஆண்கள் ஏன் அதிகம் வருவதில்லை?

வர விரும்புகிறார்கள், இடம் கொடுப்பதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபிசர் பணியிடங்களில் நூற்றுக்கு 80 பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். பெண்களுக்குக் கிடைக்கும் ஒரு சில நல்ல வேலைகளில் இது ஒன்று என்பதால் அதைக் காப்பது நியாயம் என்று நினைக்கிறேன். அதே நேரம் விபத்துப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் ஆண் செவிலியர்கள் கூடுதலாக வேண்டும் என்று வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

சம்பளம் தவிர, செவிலியர்கள் வேலையை விடக் காரணம் என்ன?

ராத்திரி பத்து மணிக்கு டூட்டி முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்குப் பேருந்து இருக்குமா என்பது ஒரு காரணம். ஒன்றரை வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு நைட் டூட்டிக்குப் போவது என்பது ஒரு காரணம். எனக்குத் தெரிந்து திறமையான பல செவிலியர்கள் வேலையை விட்டது முதல் குழந்தை பிறந்த வருடத்தில்தான். மருத்துவமனைக்குள்ளேயே இரவிலும் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் ஒன்று வைத்தால் அவர்களில் பாதிப்பேர் இருந்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். உடை மாற்ற ஒரு பூட்டுள்ள அறை, சுத்தமான கழிப்பறை, ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட ஓர் இடம், இதையெல்லாம் கேட்பதற்கே இன்றும் கூச்சப்படுகிறார்கள்.

பாதுகாப்பும் அப்படித்தான். மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக்கை 1973-இல் அதே மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவன், டூட்டி முடிந்து உடை மாற்றப் போன இடத்தில் தாக்கினான். மூளை பாதிக்கப்பட்டு 2015 மே மாதம் இறக்கும்வரை 42 வருடம் அவர் படுக்கையிலேயே இருந்தார். அத்தனை வருடமும் படுக்கைப்புண் வராமல் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனையின் செவிலியர்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போக, அடுத்த தலைமுறை வந்து பார்த்தது. மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அரசிடம் பணம் வேண்டாமா? இத்தனை பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் சில மருத்துவமனைகளில் பகலில் நான்கு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழு நோயாளிக்கு ஒருவர் என்று சட்டப்படி நிர்ணயித்தது. விதி வந்த மருத்துவமனைகளையும் வராதவற்றையும் ஒப்பிட்டு 2021-இல் ஆய்வு வெளியானது. இறப்பு குறைந்தது. வீட்டுக்குப் போன நோயாளி திரும்ப வந்து சேர்வது, விதி வராத இடங்களில் கூடியபோது இங்கே கூடவில்லை. படுக்கையில் இருக்கும் நாட்கள் குறைந்தன. அப்படி மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கலிபோர்னியாவில் இதுபோன்ற விதி 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் செவிலியர் சம்பளத்தை மட்டும் செலவாகப் பார்த்து, ஆள் இல்லாததால் பத்து நாள் கூடுதலாக ஓடும் வென்டிலேட்டரையும் ஆன்டிபயாடிக்கையும் செலவாகப் பார்க்காமல் விடுவது சரியான கணக்கு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் முதலில் ஒன்றைச் செய்யலாம்: எந்த வார்டில் எந்த ஷிப்டில் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர் என்பதை வார்டு வாசலில் பலகையில் எழுதி வைப்பது. இதற்குச் சாக்பீஸ் செலவுதான்.

ரோபோ, ஏஐ எல்லாம் வந்துவிட்டதே?

பிபியைத் தானாகக் குறித்துக்கொள்ளும் கருவி வரட்டும், எழுத்து வேலை குறையட்டும், சந்தோஷம். சுடுசொல் கேட்டு அழும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ள ஆள்தான் வேண்டும்.

செவிலியரை எப்படிக் கூப்பிடுவது? சிஸ்டர் என்றால் தவறா?

தவறில்லை, அன்போடு கூப்பிட்டால் போதும். செவிலி என்பது சங்கப் பாடல்களிலேயே இருக்கிற சொல், தலைவியை வளர்த்த தாய். ஆண் செவிலியரை 'சார்' என்றும் பெண் செவிலியரை 'ஏம்மா' என்றும் கூப்பிடுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம்.

நோயாளியின் உறவினராக நான் என்ன செய்யலாம்?

ஷிப்ட் மாறும் நேரத்தில், அதாவது ஒருவர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் அந்தப் பதினைந்து நிமிடம், அவசரம் இல்லையென்றால் கூப்பிடாதீர்கள். தவறுகள் நுழைவது அங்கேதான். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கவனிப்பில் குறை இருந்தால் புகார் கொடுங்கள், நிச்சயம் கொடுங்கள். அந்த நேரத்தில் வார்டில் எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்பதையும் அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். ஆள் போடவில்லை என்ற புகார், ஆள் போட வேண்டியவரிடம் போய்ச் சேர வேண்டும்.

என் மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா?

அவளாக ஆசைப்பட்டால் சேருங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தைக் கணக்குப் போட்டு நீங்கள் தள்ளிவிடாதீர்கள், முதல் நைட் டூட்டியிலேயே மனம் கசந்துவிடும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பேருந்து ஏறிப் போய் அந்த மருத்துவமனையைப் பாருங்கள், கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இந்த வருடத்துக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வருட மாணவி யாரையாவது தனியாகப் பிடித்து, 'இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்?' என்று கேளுங்கள். அவள் முகம் மலர்ந்து எண்ணிக்கை சொன்னால் சேர்க்கலாம். தயங்கினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். எந்த இடத்திலும் அசல் சான்றிதழை ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். படித்து முடித்து முதல் வேலையில் சேரும்போதும் இதே பேச்சு வரும். அப்போது அவள் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.